இறங்காத முள்

என் கணவருக்கு பஸ் ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவராக இருந்தார். நான் ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தின் தையல் அறையில் வேலை பார்த்தேன். கடைத்தெருவான ஒண்டிக்கடையிலிருந்து கிளியூர் போகிற வழியில் வாடகைக்கு இரண்டு அறை. குழந்தை இல்லை. இல்லையே என்று முதலில் அழுதோம், பிறகு பழகிவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அவருக்கு நாற்பது தாண்டியிருந்தபோது, கால் வீங்க ஆரம்பித்தது.

நாள் முழுக்க கிளட்சையும் பிரேக்கையும் மிதிக்கிற கால்தானே என்று இருவருமே விட்டுவிட்டோம். செருப்பு பத்தவில்லை என்று ஒரு அளவு பெரியதாக வாங்கிக்கொண்டார். காலையில் எழுந்தால் முகமும் உப்பியிருக்கும். பனிக்கு அப்படித்தான் இருக்கும் என்பார். ஒரு நாள் சாயங்காலம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏ புள்ளை, வளைவுல எதுர்ல வந்த லாரி எனக்கு ரெண்டாத் தெரிஞ்சுது. எதுக்கு ஒதுங்கறதுன்னு தெரியல. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திப்போட்டேன். மொதலாளிகிட்ட சாவியைக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"லீவு சொல்லிட்டீங்களா?"

"லீவு இல்ல. இனி நான் ஓட்டக்கூடாது. பஸ்ஸு நெறய சனம்."

சேலத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, ரத்தக் கொதிப்பு பல வருஷமாகக் கவனிக்கப்படாமலே இருந்திருக்கிறது என்றார். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன. வேறு ஒருவருடையதை எடுத்துப் பொருத்தினால் உண்டு, இல்லாவிட்டால் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டே இருக்கவேண்டும். நான் தருகிறேன் என்று அங்கேயே சொன்னேன். ரத்த வகை சேரவில்லை. அவருடைய தம்பி ஊரிலிருந்து வந்து ஒரு நாள் தங்கி, கறிச்சோறு சாப்பிட்டு, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள்.

ஆக, வாரத்தில் இரண்டு நாள் மலை இறங்கினோம்.

அவர் ஓட்டிய அதே பஸ். ஓட்டுகிறவர் அவரிடம் கிளீனராக இருந்து தொழில் படித்தவர். எங்கள் வீட்டு முன்னாலேயே வண்டியை நிறுத்துவார். முதலில் எல்லாம் இவர் இன்ஜின் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, "கியரை மாத்து சாமி, இழுக்குது பாரு" என்று சொல்லிக்கொண்டே வருவார். கொஞ்ச நாளில் அது நின்றது. நடுச் சீட்டுக்கு வந்து, என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கை மட்டும் மடியில் லேசாகத் திரும்பும். தூக்கத்திலும் திரும்பும்.

ஆஸ்பத்திரி சின்னது. பின்பக்கத்து அறையில் ஒரே ஒரு மெஷின், வெளிநாட்டில் யாரோ உபயோகித்துக் கழித்ததை வாங்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு கட்டில், எனக்கு ஒரு ஸ்டூல். வெளியே வராந்தாவில் அடுத்த ஆள் காத்திருக்க ஒரு பெஞ்சு. இடது முழங்கையில் இரண்டு தடிமனான ஊசிகளைக் குத்துவார்கள். ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகும், வடிகட்டிக்குள் சுற்றி, மற்றொன்றின் வழியாகத் திரும்பி வரும். முதல் சில மாதங்கள் அவர் அந்தக் குழாய்களைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். பாதியில் வாந்தி வரும், கால் நரம்பு இழுத்துக்கொள்ளும். நான் பிடித்து நீவிக்கொண்டே இருப்பேன்.

வீட்டுச் சாப்பாடும் மாறிவிட்டது. உப்பு கிடையாது. காயை இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டவேண்டும். கமலா ஆரஞ்சு கூடாது, பலா கூடாது, வாழைப்பழம் கூடாது. ஏற்காட்டில் இருந்துகொண்டு இதையெல்லாம் கூடாது என்றால் என்ன செய்வது? சீசனில் ஒண்டிக்கடையே பழ வாசனையாக இருக்கும். தெரிந்த கடைக்காரர்கள் இவரைக் கண்டதும் கூடைமேல் சாக்கை இழுத்துப் போடுவார்கள். அதைப் பார்த்து அவர் கடைத்தெருப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

ஒரு நாள் மெஷின் திடீரென்று கத்த ஆரம்பித்தது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது, பம்பு நின்றது. நான் பயந்து எழுந்துவிட்டேன். அவர் சுவரிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

மெஷினைக் கவனித்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் சேலத்துப் பையன், முப்பது வயது இருக்கும். மெஷினிலிருந்து வெளியே போகிற கழிவுத் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு பின்பக்கம் திறந்து எதையோ பஞ்சால் துடைத்தார். சத்தம் நின்றது.

"ஏனுங்க தம்பி, என்னாச்சு?" என்றார் இவர். அந்த அறையில் அவராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"ஒன்னுமில்லீங்கண்ணா. உள்ள ஒரு சென்சார் இருக்குது. ஒரு பக்கம் பல்பு, எதுர்ப் பக்கம் வெளிச்சத்தை உணர்ற செல்லு. நடுவால கழிவுத் தண்ணி ஓடும். வடிகட்டி எங்கியாவது கிழிஞ்சு ரத்தம் தண்ணியில கலந்தா வெளிச்சம் குறையும். குறைஞ்சா மெஷின் நின்னுரும். இன்னிக்கி ரத்தமெல்லாம் இல்ல, கண்ணாடியில அழுக்கு."

இவர் தலையை உயர்த்தி மெஷினைப் பார்த்தார். "ஆயில் குறைஞ்சா டேஷ்போர்டுல லைட்டு எரியற மாதிரி."

"அதேதாங்க."

அன்றிலிருந்து சுவரைப் பார்ப்பதை விட்டார். ஒவ்வொரு டயலும் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அழுத்தம் ஏறினால் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். திரும்பி வருகிற பஸ்ஸில் அதைப் பற்றிப் பேசினார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் எதையாவது பேசி நான் கேட்டது அப்போதுதான்.

மறு வருஷம் காப்பி பூத்திருந்த சமயத்தில் ஒரு பெண் அந்த அறைக்கு வந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் ஆராய்ச்சி செய்கிறவள். ஒரு பழைய சூட்கேஸ் அளவுக்குத் தகரப் பெட்டி கொண்டுவந்திருந்தாள். முகப்பில் ஒரு மீட்டர், அதில் ஒரு முள். டாக்டர் அவளைக் கூட்டிவந்து, இந்தப் பெட்டியைக் கழிவுத் தண்ணீர் போகிற குழாயில் மாட்டிப் பார்க்கவேண்டுமாம், ரத்தத்தைத் தொடாது, உடம்புக்கு ஒன்றும் ஆகாது, சம்மதமா என்று கேட்டார்.

"இது என்ன பண்ணுமுங்க அம்முணி?" என்று இவர் அவளையே கேட்டார்.

"மெஷின்ல இருக்கற சென்சார் ரத்தம் கசிஞ்சா மட்டுந்தான் சொல்லுமுங்க. இது வேற. இதுல இருக்கறது நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், புற ஊதா. உங்க ரத்தத்துல இருந்து வர்ற கழிவு இந்த வெளிச்சத்தைக் குடிச்சிரும். நமக்குப் பாக்க வெறும் தண்ணியாத் தெரியும், இதுக்குக் கலங்கலாத் தெரியும். கழிவு நெறய வந்தா முள் மேல நிக்கும். ரத்தம் சுத்தம் ஆக ஆக முள் கீழ எறங்கும்."

"அப்ப எப்ப நிறுத்தலாம்னு இது சொல்லிருமா?"

"அதுக்குத்தாங்க செய்யறேன். இப்ப எல்லாருக்கும் கடிகாரத்தைப் பாத்துத்தான நிறுத்தறாங்க."

பெட்டியை மாட்டினார்கள். மெஷின் ஓட ஆரம்பித்ததும் முள் விறுவிறுவென்று மேலே ஏறியது. அவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஒரு மணி நேரத்தில் நன்றாக இறங்கியது. பிறகு மெதுவாக. பிறகு இறங்குகிறதா நிற்கிறதா என்றே தெரியாத அளவுக்கு மெதுவாக. நான்காவது மணி முடிகிறபோது கீழே வந்து ஏறக்குறைய அசையாமல் நின்றது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எறங்கிருச்சு பாரு புள்ளை." பஸ் மலையிறங்கி அடிவாரத்துக்கு வந்த மாதிரி அவ்வளவு நிம்மதி அந்த முகத்தில்.

அந்தப் பெண் வாரா வாரம் வந்தாள். கையில் சாப்பாட்டு டப்பா இருக்கும், ஆனால் சாப்பிட மறந்துபோவாள். நான் எங்களுக்குக் கொண்டுபோகிற இட்லியில் அவளுக்கும் இரண்டு வைத்துக் கட்டத் தொடங்கினேன். உப்பில்லாத சட்னியை முகம் சுளிக்காமல் சாப்பிடுவாள்.

ஆடி மாதத்துக்குள் ஆஸ்பத்திரியில் கூட்டம் கூடிவிட்டது. பழைய நோயாளிகள் இருக்க, தர்மபுரியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் புதிதாக வந்தார்கள். மெஷின் அதே ஒன்றுதான். ஒருவருக்கு நான்கு மணி நேரம் என்பதை மூன்றாகக் குறைத்தார்கள்.

முதல் முறை மூன்று மணி நேரத்தில் ஊசியைக் கழற்ற டெக்னீஷியன் வந்தபோது இவர் மீட்டரைக் காட்டினார். "தம்பி, முள்ளு இன்னும் எறங்கலயே."

டெக்னீஷியன் மீட்டரைப் பார்த்துவிட்டு வெளியே போனார். டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டர் வயதானவர், நல்ல மனுஷர், கண்ணுக்குக் கீழே எப்போதும் கருவளையம். மீட்டரைக் குனிந்து பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாம இல்ல. இந்தப் பெட்டி சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். நாலு மணி நேரம் வேணும், வாரத்துக்கு மூணு தடவை வேணும். இருக்கறது ஒரு மெஷின். வெளிய பெஞ்சுல பாருங்க."

இவர் பார்க்கவில்லை, நான் கதவு வழியாகப் பார்த்தேன். இளம்பிள்ளைப் பக்கத்து நெசவுக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி புடவைத் தலைப்பால் போர்த்திக்கொண்டு சுருண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் என்று முந்தின வாரந்தான் என்னிடம் சொல்லியிருந்தாள்.

"கழட்டிருங்க தம்பி," என்றார் இவர்.

அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அதேதான். மூன்றாவது மணி முடிகிறபோது முள் பாதி வழியில் நிற்கும். அவர் அதைப் பார்ப்பார், கதவைப் பார்ப்பார், கையை நீட்டிவிடுவார். வீட்டுக்கு வந்தால் அரிப்பு தாங்காமல் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொள்வார். சோறு இறங்காது. வாயில் இரும்பு நக்கின மாதிரி இருக்கிறது என்பார். பஸ்ஸில் பேசுவது மறுபடியும் நின்றுபோனது.

ஒரு நாள் ஆராய்ச்சிப் பெண் பெட்டியை மாட்டிவிட்டு நகர்ந்ததும் கூப்பிட்டார்.

"அம்முணி, தப்பா நெனைச்சுக்காதீங்க. பொட்டி இருக்கட்டும், உங்க வேலையப் பாருங்க. மூஞ்சிய மட்டும் அந்தப் பக்கம் திருப்பி வெச்சுருங்க."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துபோனது. பெட்டியைத் திருப்பி, மீட்டர் சுவரைப் பார்க்கிற மாதிரி வைத்தாள். பிறகு வெளியே போய் வராந்தா முனையில் நின்றாள். நான் பின்னாலேயே போனேன்.

"அக்கா, நோயாளிக்கு நல்லது நடக்கட்டும்னுதான் செஞ்சேன்," என்றாள். "பாக்கட்டும், தெரிஞ்சுக்கட்டும்னு."

"உங்க மேல ஒன்னும் தப்பில்ல கண்ணு. அவருக்குக் கோவமும் இல்ல."

"எனக்குத் தெரியுமுங்க. அதுதான் கஷ்டமா இருக்குது."

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. மலைப்பாதையில் ஒரு வளைவுக்கு மேலே மண் சரிந்து, பாறையும் மரமுமாக ரோடு மூடிக்கொண்டது. பஸ் இல்லை. எங்களுக்கு ஆஸ்பத்திரி நாள் அன்றைக்கு. அடுத்த நாளும் மண்ணை அள்ள முடியவில்லை. அவருக்கு மூச்சுத் திணற ஆரம்பித்தது. படுத்தால் முடியவில்லை, தலையணைகளை அடுக்கி உட்கார்த்தியே வைத்திருந்தேன். கால்கள் உருண்டு திரண்டு பளபளவென்று இருந்தன.

கிளீனராக இருந்து டிரைவரானவர் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் கெஞ்சி ஜீப் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். குப்பனூர் வழியாக இறங்கும் பழைய பாதை ஒன்று உண்டு. அப்போது அது பாதை என்று சொல்ல முடியாது, கல்லும் குழியும்தான். முன் சீட்டில் இவரை உட்காரவைத்து, நான் பின்னாலிருந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடியில் மழை அடித்ததில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இவர் மட்டும், பேச மூச்சில்லாமல், கையால் இடது, வலது என்று காட்டிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். இறங்கிப் பார்த்தால் பாதையின் ஓரம் பாதி அரித்துப்போயிருந்தது. மலையை ஒட்டி உரசிக்கொண்டு கடந்தோம்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது எங்கள் நாள் எப்போதோ போய்விட்டது. அது நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணின் முறை. அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, ஊசி குத்தப் பஞ்சால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இவரைத் தாங்கிக்கொண்டு நாங்கள் வாசலில் நின்றோம். டாக்டர் எங்களையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணனுக்கே போடுங்க டாக்டர். நான் பொறவு படுத்துக்கறனுங்க."

"பொறவுன்னா சாயங்காலம் ஆயிருமே கண்ணு," என்றார் டாக்டர்.

"ஆகட்டுமுங்க. எனக்கு இன்னிக்கி மூச்சு நல்லா இருக்குதுங்க."

அது பொய். அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. புருஷன் தாங்கிப்பிடித்து அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார். நான் அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று போனேன். "பிள்ளைங்க எங்க?" என்று கேட்டேன். "எங்கம்மா ஊட்டுல விட்டிருக்கறனுங்க," என்றாள். அவ்வளவுதான் பேசினோம்.

அன்றைக்கு அவரை நான்கு மணி நேரமும் விட்டார்கள். பெட்டி சுவரைப் பார்த்துத்தான் இருந்தது. ஆராய்ச்சிப் பெண் மழையால் வரவில்லை, டெக்னீஷியன் மட்டும் அவ்வப்போது குனிந்து பார்த்துவிட்டுப் போனார். முடிகிற நேரத்தில் இவருக்கு முகம் தெளிந்திருந்தது. தண்ணீர் கேட்டார். ஒரு வாய் கொடுத்தேன்.

"அந்தப் பொண்ணு எங்க?"

"வெளிய படுத்திருக்குதுங்க."

"நொம்ப நேரம் ஆயிருச்சா?"

"இல்லீங்க," என்றேன்.

அவர் நம்பவில்லை. மீதி நேரம் கதவைப் பார்த்தபடியே படுத்திருந்தார். ஊசியைக் கழற்றி, ரத்தம் நிற்கக் கட்டுப் போட்டதும், தானாக எழுந்து நடந்து வெளியே வந்தார். பெஞ்சு முன்னால் நின்று அவளைக் கும்பிட்டார். தன்னைவிட அவ்வளவு சின்னவளைக் கும்பிடுகிறாரே என்று அவள் பதறி எழ முயன்றாள், முடியவில்லை.

அதற்குப் பிறகு மார்கழி வரை இருந்தார். நடமாட்டம் குறைந்துபோனது. ஒரு நாள் காலையில், பஸ் வருகிற சத்தம் கேட்டு அவருக்குச் சட்டை மாட்டிவிடப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார், கண் பாதி திறந்திருந்தது. வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அடித்தார். பிறகு இறங்கி உள்ளே வந்து, பார்த்துவிட்டு, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் இறங்கி எங்கள் வீட்டு முன்னால் பனியில் நின்றார்கள். அன்றைக்கு அந்த டிரிப் போகவில்லை.

சித்திரையில் ஆராய்ச்சிப் பெண் மலைக்கு வந்தாள். விலாசம் ஆஸ்பத்திரியில் வாங்கியிருக்கிறாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவரில் இருந்த அவர் படத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பெட்டி நன்றாக வேலை செய்வதாகக் காலேஜில் ஒத்துக்கொண்டார்களாம். இன்னும் சின்னதாகச் செய்யப்போகிறாளாம். இரண்டாவது மெஷின் வாங்க டாக்டர் அலைந்துகொண்டிருக்கிறாராம்.

"ஒன்னு கேக்கலாங்களா அக்கா? அந்த முள்ளைக் காட்டாமயே இருந்திருக்கணுமா நான்?"

நான் யோசித்துத்தான் சொன்னேன். "அவருக்கு எதையும் தெரிஞ்சுக்காம இருக்கப் புடிக்காது கண்ணு. தெரிஞ்சப்பறம் தாங்கவும் முடியல. ரெண்டும் நெசந்தான்."

அவள் தலையாட்டினாள். நான் நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன்.

"பொங்கலுக்கு அப்பறம் அவங்க வர்றது நின்னு போச்சுங்க அக்கா," என்றாள்.

நின்று போனது என்றால் வேறு ஊருக்குப் போய்விட்டாளா, செலவுக்கு முடியவில்லையா, இல்லை வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். ஒண்டிக்கடை வரைக்கும் கூடவே நடந்துபோய் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். வண்டி நகர்ந்து கை விடுபட்டதும் நான் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.